அப்பா பக்கத்து ஆக்சில்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு சத்தம் எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தது.

வண்டியைத் திருப்பும்போது முன்பக்கம் எங்கேயோ டக் டக் டக் என்றது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. பூட்டிக் கிடந்த மரக்கிடங்கின் எதிரே இருந்த காலி இடத்துக்கு அம்மா வண்டியைக் கொண்டுபோனாள். ஸ்டியரிங்கைத் தன் பக்கம் முழுக்கத் திருப்பி, நடை வேகத்தில் ஒரு வட்டம் அடித்தாள். நான் குனிந்தபடி கூடவே நடந்தேன். பிறகு அந்தப் பக்கம் திருப்பி இன்னொரு வட்டம்.

"எந்தப் பக்கம்டி?"

"உன் பக்கம் திருப்பினா அப்பா பக்கம் சத்தம் வருது."

"நிச்சயமா?"

"இல்ல, சும்மா சொல்றேன். நீ இறங்கி நட, நான் ஓட்டறேன்."

இறங்கி நடந்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பாதி வட்டம் வந்தாள். நின்றுவிட்டாள். கையை மட்டும் காட்டினாள், போதும் என்று.

எங்கள் வீட்டில் காருக்கு இடது வலது கிடையாது. பானெட்டைத் திறந்து எதிரே நின்றால் இடது வலதாகிவிடும், அதில் ஒரு சண்டை வரும். அதனால் அம்மா பக்கம், அப்பா பக்கம். அம்மா உட்கார்ந்து ஓட்டுவது அம்மா பக்கம். அப்பா உட்கார்ந்து பயப்படுவது அப்பா பக்கம். அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆனால் தன் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதாக நினைத்து வழி முழுக்க மிதித்துக்கொண்டே வருவார். கால்மிதி அவர் பக்கம்தான் முதலில் ஓட்டையானது.

வீட்டுக்கு வந்து ஷெட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். அம்மா அட்டையை விரித்து மல்லாந்து படுத்து உள்ளே போனாள். "இங்க பாரு" என்றாள். நானும் படுத்தேன். என்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு ஆக்சில். அதன் மூட்டைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்திருந்தது. உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் வெளியே தெறித்து, சக்கரத்தின் உள்பக்கத்தில் கறுப்பாக அப்பியிருந்தது. கிரீஸ் போன இடத்தில் மண் புகுந்துவிட்டது.

"மூட்டு போச்சு" என்றாள். "ஆக்சிலே மாத்தணும். பாத்தாச்சு."

வெளியே வந்தவள் எழுந்திருக்கவில்லை. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. கிரீஸ் படிந்த புறங்கையால் தாடையைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. படுத்து எழுந்தா மூச்சு வாங்குது."

"தாடை?"

"அது பழைய கதை."

பழைய கதைதான். தாடை வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனாள். ஒரு பல்லைப் பிடுங்கினார். பல் போனது, வலி இருந்தது. பிறகு குடும்ப டாக்டர். வாயு என்றார், வயசு என்றார், டென்ஷன் என்றார்.

"இப்ப என்னதான் சொல்றார்?"

"மாத்திரையை மாத்தியிருக்கார். இதுவும் கேக்கலேன்னா வேற மாத்திப் பாக்கலாம்னார்."

நான் கையிலிருந்த டார்ச்சைத் தூக்கி எறிந்தேன். அது அப்பாவின் சைக்கிளில் பட்டு விழுந்தது.

"மாத்திப் பாக்கலாமா? உன்கிட்டயா சொன்னான் அந்த ஆளு? நீயும் கேட்டுட்டு வந்தியா?"

"டார்ச் உடைஞ்சா நீதான் வாங்கித் தரணும்."

"அம்மா, நெஞ்சுக்கு ஒரு டெஸ்ட் எடு. என்னன்னு பாக்காம எத்தனை மாத்திரைம்மா முழுங்குவ?"

"போறேன் போறேன்."

"எப்ப?"

"போறேன்னு சொன்னா போறேன்டி. கத்தாத, அப்பாவுக்குக் கேக்கும்."

அந்தக் கோபம் புரிய வேண்டுமானால் 'மாத்திப் பாக்கலாம்' என்ற சொல்லுக்கும் அம்மாவுக்கும் இருந்த பகையைச் சொல்ல வேண்டும்.

அம்மா திரைச்சீலை தைத்தாள். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி வெட்டி, தைத்து, திரும்பப் போய்க் கம்பி பொருத்தி மாட்டிவிட்டு வருவாள். ஏணி, துளை போடும் மெஷின், கம்பிக் கட்டு, துணி மூட்டை எல்லாவற்றுக்கும் ஒரு கார் வேண்டியிருந்தது. பழைய கார்தான் கட்டுப்படியானது. பழைய கார் என்றால் ஒர்க்‌ஷாப்.

ஒரு சமயம் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்', அவ்வளவுதான். "பேட்டரிக்கா. மாத்திப் பாக்கலாம்" என்றார் மெக்கானிக். மாற்றினார். சில நாள் ஓடியது. மறுபடி 'டக்'. "அப்ப ஸ்டார்ட்டர்தான். மாத்திப் பாக்கலாம்." மாற்றினார். மறுபடி 'டக்'. அவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தபோது அம்மா கை காட்டி நிறுத்தினாள்.

"கழட்டின ஸ்டார்ட்டரைக் குடுங்க."

"அது எதுக்குக்கா உங்களுக்கு? திரை பறக்காம இருக்க அடியில கட்டித் தொங்க விடவா?"

அங்கே இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அம்மா அந்த ஸ்டார்ட்டரை வீட்டுக்குத் தூக்கிவந்து, துணி வெட்டும் மேசையில் வைத்து, ஒயர் பிடித்துப் பேட்டரியில் கொடுத்தாள். சுற்றியது. சுற்றிய வேகத்தில் மேசையிலிருந்து குதித்து அப்பாவின் கால் பக்கத்தில் விழுந்தது. அப்பா நாற்காலி மேல் ஏறி நின்றார். "என்னங்க, எலியா?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

பிறகு காரோடு வந்த விளக்கப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கரண்ட் பேட்டரியிலிருந்து கிளம்பி எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். போகிற வழியை எல்லாரும் பார்த்தார்கள். திரும்பி வருகிற வழியை யாரும் பார்க்கவில்லை. பேட்டரியின் மைனஸிலிருந்து நேராக என்ஜினுக்கு ஒரு தடித்த ஒயரைப் பிடித்தாள். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. கரண்ட் திரும்பி வரும் எர்த் ஒயரின் போல்ட் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தாள். முடிந்தது.

முடியவில்லை. ஸ்டார்ட்டரைக் காரில் போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அவர்கள் மேசையில் வைத்து, அவர்கள் பேட்டரியிலேயே கொடுத்தாள்.

"செத்துப்போச்சுன்னீங்க. இதோ எழுந்து ஆடுது பாருங்க."

"அன்னிக்கு வேலை செய்யலக்கா."

"அன்னிக்கு நீங்க பாக்கவே இல்ல. மாத்தினீங்க. மாத்திப் பாக்காதீங்க தம்பி. பாத்துட்டு மாத்துங்க."

அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் 'பாத்துட்டு அக்கா'. கிண்டலுக்கு வைத்த பெயர். அம்மா அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு போன் செய்தால், "நான்தான், பாத்துட்டு அக்கா பேசறேன்" என்பாள்.

அதற்குப் பிறகு காரில் எதையும் அவள்தான் பார்த்தாள், அவள்தான் மாற்றினாள். கழற்றிய பாகத்தை மிச்சத் திரைத்துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போவாள். புதியதைக் கவுண்டரில் அதன் பக்கத்தில் படுக்க வைப்பாள். நீளம், பல் எண்ணிக்கை, துளை, கனம். இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்ப்பாள். கடைக்காரர் பொறுமை இழந்து, "அக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்களே" என்பார்.

"பொண்ணைப் பாத்தா காப்பியாவது குடுப்பீங்க" என்பாள் அம்மா.

பெட்டியைப் பார்த்து அவள் எதையும் வாங்கியதில்லை. "பெட்டி கல்யாணக் கோலத்துல இருக்கு. உள்ள இருக்கறதுக்குப் பல்லே சரியா இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பிரேக் பேடைக்கூட, பழையது எந்த மூலையில் அதிகம் தேய்ந்திருக்கிறது, ஏன் அங்கே மட்டும் தேய்ந்தது என்று பார்க்காமல் மாற்றமாட்டாள். தேய்ந்ததை மாற்றுவது பாதி வேலை, ஏன் தேய்ந்தது என்பதுதான் மீதி என்பாள்.

இப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் உட்கார்ந்தபடியே தன் தம்பிக்கு போன் போட்டாள். என் மாமாவுக்குப் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் பகுதியில் வேலை.

"டேய், ஆக்சில் ஒண்ணு வாங்கிட்டு வாடா. நம்ம வண்டி நம்பரைச் சொல்லு, கடைக்காரருக்குத் தெரியும். அப்பா பக்கம்."

போனில் வாங்கினாள். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல். கடை வரை போய்வர அவளுக்கு மூச்சு இல்லை. நான் அன்று மாலை பஸ் ஏறி என் வேலை இருக்கும் ஊருக்குப் போய்விட்டேன்.

அடுத்து நான் வந்தபோது அம்மா இல்லை.

ஷெட்டில்தான் இறந்தாள். காலையில். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், அட்டைமேல், கால் இரண்டும் வெளியே தெரியப் படுத்திருந்தாள். அப்பா டீ கொண்டுபோனார். அம்மா எதற்கடியிலாவது படுத்திருப்பது எங்கள் வீட்டில் செய்தியே அல்ல. "டீ வெச்சிருக்கேன், ஆறிடும்" என்று சொல்லிக் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். பேப்பர் படித்தார். பிறகு டம்ளரை எடுக்க வந்தார். டீ அப்படியே இருந்தது.

இதை அவர் என்னிடம் ஒரு தரம் சொன்னார். வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். டம்ளரை மட்டும் கழுவவிடமாட்டேன் என்றார். நான் பிடுங்கிக் கழுவினேன்.

வந்தவர்கள் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, காரின் மேல் குற்றம் சொன்னார்கள்.

"கார் கார்னு கிடந்தா. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை? ஒரு மெக்கானிக்கிட்ட விட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பா."

"எண்ணெயும் புகையும் நெஞ்சுல போய் அடைச்சிருக்கும்."

"அடைச்சது எண்ணெய் இல்ல" என்றேன். "ரத்தக் குழாய். பல மாசமா அடைச்சிட்டிருந்துது. தாடையில வலிச்சுது, தோள்ல வலிச்சுது, மூச்சு வாங்குச்சு. உடம்பு எல்லாம் சொல்லிச்சு. யாரும் பாக்கல."

"சரி விடும்மா, விதி."

"விதின்னா எதுக்கு நாற்காலி போட்டு உக்காந்து காரைத் திட்டறீங்க?"

அப்பா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

உடைந்த பாகங்களைப் பரிசோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. ஒரு தண்டு முறிந்து வந்தால், முறிந்த முகத்தைப் பார்த்து, விரிசல் எங்கே தொடங்கியது, எவ்வளவு காலமாக வளர்ந்தது, கடைசியில் எந்தப் பளு அதை முறித்தது என்று எழுத வேண்டும். கடைசிப் பளுவைக் குற்றம் சொல்வது சுலபம். பெரும்பாலும் அது குற்றவாளியாக இருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? குற்றம் சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஷெட்டுக்குப் போனேன். வண்டி ஸ்டாண்டில் நின்றது. சக்கரம் கழன்றிருந்தது. செய்தித்தாள் விரித்து அதன்மேல் இரண்டு ஆக்சில் பக்கம் பக்கமாகக் கிடந்தன. பழையது ஒன்று, புதியது ஒன்று. புதியது ஒரு சாண் குட்டை. அப்பா பக்கத்து ஆக்சில் நீளம். அம்மா பக்கத்தது குட்டை. மாமா வாங்கி வந்தது அம்மா பக்கத்து ஆக்சில்.

இதைவிட என்னை அடித்தது வேறு. ஆக்சிலைச் சக்கரத்தோடு பிடிக்கும் ஒரு பெரிய நட் உண்டு. காரில் அதைப்போல இறுகிய நட் வேறு இல்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, அந்தக் குழாயின்மேல் ஏறி நின்றால்தான் அசையும். குழாய் சுவரோரம் சாய்ந்திருந்தது. நட் சீட்டின்மேல் இருந்தது. அம்மா அதைத் தனியாகக் கழற்றியிருக்கிறாள். எழுந்தால் மூச்சு வாங்கிய அம்மா.

அதுவும் புதியதை வண்டியில் இருந்த பழையதோடு அளந்து பார்ப்பதற்கு முன்பே. கழற்றினால் வண்டி நகராது என்று தெரிந்தும் முதலில் கழற்றிவிட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, பார்க்காமல். என்ன அவசரம்? ஜன்னலா ஓடிவிடும்? எவள் வீட்டுத் திரைக்காக இந்த அவசரம்?

கேட்க ஆள் இல்லாத கேள்வியைப் போல எரிச்சலானது எதுவுமில்லை.

மாமா மறுநாள் மறுபடியும் வந்தார். கையில் நீளமான ஒரு பெட்டி. கடையில் முதல் ஆக்சிலைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்களாம். அப்பா பக்கத்தது இருப்பில் இல்லை, சொல்லி வரவழைத்தார்களாம். அது இன்றுதான் கடைக்கு வந்திருக்கிறது. அக்கா போய்விட்ட பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொண்டுவந்துவிட்டார். வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எதுக்கு மாமா இப்ப?"

"கடையில போன் பண்ணாங்க பாப்பா. வந்திருக்குன்னு."

"முதல்லயே சரியா வாங்கியிருக்கலாமே. அப்பா பக்கம்னு சொன்னாங்கல்ல? நான் பக்கத்துல இருந்தேன். என் காதால கேட்டேன்."

"அப்பா பக்கம்தான் வாங்கினேன்."

"அது அம்மா பக்கம்!"

"அப்பா பக்கம்னா, அப்பா ஓட்டற பக்கம்தானே?"

"அப்பா எங்க மாமா ஓட்டினார்? அவருக்கு சைக்கிளே தடுமாறும்!"

மாமா என்னைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருந்த என் அப்பாவைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். பெட்டியைக் கீழே வைத்தார்.

"உங்கப்பாவையா சொன்னா அக்கா?"

"வேற யாரை?"

"எங்கப்பாவை."

அவர்களுடைய அப்பா ரொட்டி கம்பெனி வேன் ஓட்டியவர். நான் பார்த்ததில்லை. விடுமுறை நாளில் அக்காவும் தம்பியும் அந்த வேனைக் கழுவ வேண்டும். அப்பா உட்காரும் பக்கம் அக்காவுக்கு, மறுபக்கம் தம்பிக்கு. அக்கா தன் பக்கம் முடித்துவிட்டு, "அப்பா பக்கம் பளபளன்னு இருக்கு, உன் பக்கம் பாரு" என்று கேலி செய்வாளாம். அவர்கள் இருவருக்கும் இடையே 'அப்பா பக்கம்' என்றால் டிரைவர் பக்கம். எப்போதும்.

"என்கிட்ட பேசும்போது அவரை அத்தான்னுதானே சொல்லுவா" என்றார் மாமா. "உங்க அத்தான் பக்கம்னு சொல்லியிருந்தா சரியா வாங்கியிருப்பேன்."

என்னிடம் பேசும் வாயோடு தம்பியிடம் பேசிவிட்டாள். நான் பக்கத்தில் இருந்ததால். ஒரு சொல்லை மாற்ற மறந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே மாமா? எந்த அப்பான்னு?"

"தெரிஞ்ச வார்த்தைக்கு யாராவது அர்த்தம் கேப்பாங்களா பாப்பா?"

"கேக்கணும்! அவங்க அந்த நட்டைக் கழட்டிட்டாங்க. தனியா. நீங்க கொண்டுவந்த சாமானை நம்பி!"

மாமா சுவரில் சாய்ந்துகொண்டார். "எனக்குத் தெரியாதுன்னா நினைக்கற?" என்றார். "தப்பா இருக்குன்னதும் போன் பண்ணா. நான் சொன்னேன், நீதானே அப்பா பக்கம்னே. ரெண்டு நிமிஷம் சிரிச்சா. சிரிச்சு சிரிச்சு இருமினா. 'செத்தும் ஸ்டியரிங்கை விடல பாருடா நம்ம அப்பா'ன்னா. அது எதுக்குன்னு எனக்கு இப்பதான் புரியுது. அப்புறம் திடீர்னு கோவம் வந்துருச்சு. சீக்கிரம் மாத்திக்கிட்டு வாடா, எனக்கு வண்டி வேணும்னா. எதுக்கு அவசரம்னு கேட்டேன். வேலை இருக்குடா, உனக்கு எதுக்குன்னா."

"என்ன வேலை?"

"சொல்லல."

மாமா மேல் இன்னும் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதத் தேவையில்லை. அவர் போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார், ஒரு காலில் அப்பாவுடையது.

மறுநாள் குடும்ப டாக்டரிடம் போனேன். டோக்கன் வாங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். யாருக்கோ பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காதிலிருந்து குழாயை எடுத்தார்.

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கும்மா."

"எங்கம்மாவுக்கு என்ன இருக்குன்னு பாத்தீங்களா டாக்டர், இல்ல மாத்தினீங்களா?"

"என்ன சொல்றீங்க?"

"மாத்திரை. ஒண்ணு கேக்கலேன்னா இன்னொண்ணு. மாத்தி மாத்தி. ஒரு தடவையாவது நெஞ்சைப் பாத்தீங்களா?"

"டெஸ்டுக்கு எழுதிக் குடுத்தேனே. கடைசியா வந்தப்ப. மாத்திரையையும் மாத்தினேன், டெஸ்டும் எடுத்துடுங்கன்னேன்."

"பொய்."

பிரஷர் பார்க்க வந்தவர் கையில் சுற்றியிருந்த பட்டையைத் தானே கழற்றிக்கொண்டு எழுந்தார்.

"உங்க கோபம் எனக்குப் புரியுது" என்றார் டாக்டர்.

"புரிய வேண்டாம். எங்கம்மா என்கிட்ட மாத்திரையைத்தான் சொன்னாங்க. டெஸ்ட் எழுதியிருந்தா சொல்லியிருப்பாங்க. நீங்க எழுதியிருந்தாலும், முதல் தடவை வந்தப்ப ஏன் எழுதல?"

 மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். அந்தத் திறந்து மூடிய பேனா மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வெளியே வந்து நடந்தேன். டாக்டரைக் கழற்றி மாமாவை மாட்டிப் பார்த்தேன். மாமாவைக் கழற்றி அப்பாவை மாட்டினேன், அந்த டீ டம்ளரோடு. பல்லைப் பிடுங்கியவரை மாட்டினேன். சத்தம் நிற்கவில்லை. அம்மா பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள், என்னடி பண்ணற, மாத்திப் பாக்கறியா என்று.

அம்மா மேல்தான் எல்லாரையும்விட அதிகக் கோபம். எழுத வேண்டாம் என்று இருந்தேன், எழுதுகிறேன். ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நியாயம் கேட்டு ஒர்க்‌ஷாப்பையே உலுக்கினவள், தன் தாடையை ஒருத்தன் கையில் கொடுத்துப் பல்லைப் பிடுங்க விட்டாள். காரில் ஒரு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்திவிடுவாள். உடம்பில் எல்லா விளக்கும் எரிந்தபோது ஓட்டிக்கொண்டே போனாள். போறேன் போறேன் என்று என்னை ஏமாற்றினாள். போகவில்லை. எவளுடைய ஜன்னலுக்கோ திரை மாட்ட அவசரப்பட்டு அந்த நட்டின்மேல் ஏறி நின்றாள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து உடை மாற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மாமா வைத்துவிட்டுப் போன பெட்டியைப் பிரித்தேன். புது ஆக்சிலைப் பழையதன் பக்கத்தில் வைத்தேன். நீளம் சரி. இரு முனையிலும் பற்களை எண்ணினேன், சரி. ரப்பர் உறையை மடக்கிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. மூட்டை எல்லாப் பக்கமும் மடக்கினேன், ஒரே சீராக மடங்கியது. நல்ல சாமான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதும் கோபமாகத்தான் இருந்தது.

அப்பா டார்ச் பிடிக்க வந்தார். எப்போதும்போல என் கண்ணில் பிடித்தார்.

"அப்பா, வேலை இங்க இருக்கு. என் மூஞ்சில இல்ல."

"உங்கம்மாவும் இதான் சொல்லுவா."

ஆக்சிலின் உள்முனையைக் கியர்பாக்ஸுக்குள் செருகித் தள்ளினேன். போகவில்லை. கொஞ்சம் சுற்றித் தள்ளினேன். உள்ளே இருக்கும் வளையம் 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. வெளிமுனையைச் சக்கர மையத்தில் நுழைத்தேன். ஒழுகிப் போன எண்ணெய்க்குப் பதில் கியர்பாக்ஸில் புது எண்ணெய் ஊற்றினேன். நட்டை முறுக்கினேன்.

"நான் கால் அசையுதான்னு பாக்கல" என்றார் அப்பா. டார்ச் மறுபடி என் முகத்துக்கு வந்தது. "படுத்திருக்கான்னு நினைச்சேன். எப்பவும் படுத்திருப்பாளே."

"தெரியும்பா."

"நீ எல்லாரையும் திட்டற. என்னைத் திட்டல."

"டார்ச்சை நேரா பிடிங்க."

அவரைத் திட்ட முயன்றேன். வந்த வார்த்தை அவ்வளவுதான்.

சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டைக் கடைசியாக இறுக்கக் குழாயைச் செருகினேன். அதன்மேல் ஏறி நின்றேன். என் முழு எடைக்கும் அது கால் சுற்றுதான் போனது. முப்பது வயசு உடம்புக்கே மூச்சு முட்டியது.

மரக்கிடங்கின் எதிரே போனேன். அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் முழு வட்டம். மறுபக்கம் முழு வட்டம். சத்தமே இல்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது. இன்னொரு வட்டம் அடித்தேன். டக் என்று ஒன்று கேட்டிருந்தால்கூடத் தேவலை, திட்டுவதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

"நல்லா ஓடுது" என்றார் அப்பா, பயந்துகொண்டே.

திரும்பி வந்து ஷெட்டில் நிறுத்தினேன். அப்பா இறங்கி உள்ளே போனார். அம்மாவின் போன் அவர் உட்கார்ந்திருந்த சீட்டில் கிடந்தது. அதை அவர் நாள்தோறும் சார்ஜ் போட்டு, போகும் இடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தார். திரைச்சீலைக்காரர்கள் அழைப்பார்கள், அவர் எடுத்து, அவர் வாயால் ஒவ்வொருத்தருக்கும் சொல்வார். இப்போது அது அடித்தது. நான் எடுத்தேன்.

"அம்மா, ஸ்கேன் சென்டர்லேர்ந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். உற்சாகமான குரல். "ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டேன். நாளைக்குக் காலையில உங்களுக்கு நேரம் போட்டிருக்கு, நெஞ்சு டெஸ்ட். போன தடவை மாதிரி தள்ளிப் போட்டுடாதீங்க."

 அம்மா குரலும் என் குரலும் போனில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இருமினேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"ஆக்சில் கழண்டு கிடக்கு, தப்பான சாமான் வந்துருச்சு, வண்டி நகராதுன்னீங்களே, முடிஞ்சுதாம்மா? நான் டாக்சி பிடிச்சு வாங்கன்னு எவ்வளவு சொன்னேன். கேக்கவே இல்ல நீங்க. டாக்சி வாசல்ல வந்து நின்னா வீட்டுக்காரர் எங்கன்னு கேப்பார், டெஸ்டுன்னா அன்னிக்கே படுத்துடுவார்னு சிரிச்சீங்க. பொண்ணுக்குத் தெரிஞ்சா லீவு போட்டுட்டு வந்து ஆஸ்பத்திரியையே கழட்டிப் போட்டுடுவான்னீங்க. திரை மாட்டப் போறேன்னு சொல்லிட்டு நானே ஓட்டிட்டு வந்துருவேன், கார் மட்டும் ரெடியாகட்டும்னீங்க. ஆயிருச்சா?"

"ஆயிருச்சு" என்றேன்.

"அப்ப சரி. வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்பிட வேண்டாம். மெஷின்ல நடக்கணும், அதனால நல்ல ஷூவா போட்டுக்குங்க. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை மறக்காம எடுத்துட்டு வாங்க. வருவீங்கதானே?"

நான் பதில் சொல்வதற்குள், "காலையில பாக்கலாம்மா" என்று வைத்துவிட்டாள்.